யாரும் தூக்காத சஃபாரி

நான் எழுபத்தெட்டு கிலோ. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் கொல்லிமலையில் நான் போட்ட சண்டை முழுவதும் இந்த எழுபத்தெட்டு கிலோவைப் பற்றியதுதான்.

பதிமூன்று வருஷங்களுக்கு முன்பு, போகிக்கு முந்தின நாள், ஒட்டடை அடிப்பதற்காக ஏணியில் ஏறினேன். ஏறியது ஏணி வழியாக. இறங்கியது வேறு வழியாக. முதுகுத்தண்டில் அடி. அதிலிருந்து இடுப்புக்குக் கீழே நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது, சக்கர நாற்காலிதான். "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்பவர்களுக்கு ஆள் பார்த்துப் பதில் சொல்வேன். ஒருமுறை ரயிலில் கேட்ட பெரியவரிடம் ராணுவம் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து நின்று சல்யூட் அடித்து, தன் டிபனில் பாதியை எனக்குக் கொடுத்தார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் இட்லி நன்றாக இருந்தது. ஒட்டடை என்று உண்மையைச் சொன்னால் யாரும் ஒரு வடைகூடத் தருவதில்லை.

வீட்டில் எனக்கு யார் உதவியும் வேண்டாம். கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரம். நடுவே ஒரு பலகையைப் போட்டு நானே நகர்ந்துகொள்வேன். குளியலறைக் கதவு அகலம், சுவரில் பிடிகள். தொந்தரவெல்லாம் வாசலுக்கு வெளியேதான். வெளியே எங்கே போனாலும் மூன்று படியாவது இருக்கும், படி இருந்தால் என் மனைவி சேலையை இடுப்பில் செருகுவாள். என் கக்கத்துக்குக் கீழே ஒரு கை, முழங்காலுக்குக் கீழே ஒரு கை. "ஒண்ணு, ரெண்டு" என்பாள். மூன்று சொல்லவே மாட்டாள், ரெண்டிலேயே தூக்கிவிடுவாள். பதினோரு வருஷம் இப்படித்தான் கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாம்.

பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில், மேடையில் போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்று சொந்தக்காரர்கள் நாலு பேர் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். "நீ ஒதுங்கும்மா, ஆம்பளைங்க இருக்கோம்." அதில் ஒருவர் பிடித்தது கைப்பிடியை. அது கழற்றி மாட்டுகிற கைப்பிடி. அவர் கையோடு வந்துவிட்டது. நாற்காலி ஒரு பக்கம் சாய, நான் மூன்றாம் படியில் தலைகீழாகப் போக இருந்தேன். கீழே நின்ற என் மனைவி குனிந்து தோளைக் கொடுத்துத் தாங்கினாள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. ஒரு குடம் தண்ணீருக்கு மேல் இனிமேல் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நான் ஐந்து குடம். சாப்பிட்ட பிறகு ஐந்தரை.

போட்டோ நன்றாக வந்திருந்தது. அதில் எல்லோரும் சிரிக்கிறார்கள், அவளைத் தவிர.

அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். யார் தூக்கினாலும் கடைசியில் குனிகிறவள் அவள்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. நான் போகாதது பெரிய விஷயமில்லை. நான் பிறவிச் சோம்பேறி, விழுவதற்கு முன்பும் அப்படித்தான். போகாமல் இருந்தது அவளும்தான். ஊர் பார்க்கிற ஆசை முழுக்க அவளுடையது. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கொல்லிமலை நீலமாகத் தெரியும் என்று துணி காயப்போட்டுவிட்டு வந்து சொல்வாள். மொட்டை மாடி எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

அப்போதுதான் கைபேசியில் அந்த விளம்பரம் வந்தது. மாற்றுத் திறனாளிகளுக்கான சாகசச் சஃபாரி, கொல்லிமலையில், இரண்டு நாள், முழுக்க முழுக்கச் சக்கர நாற்காலி வசதியுடன். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறார்; அவருக்குப் பின்னால் ஒட்டகச்சிவிங்கி.

விடுதி மேலாளருக்கு ஃபோன் போட்டேன். "கொல்லிமலையில ஒட்டகச்சிவிங்கி எப்பங்க வந்துச்சு?"

"அது சும்மா படத்துக்குங்க. நம்மகிட்ட கரடி, கேளையாடு, காட்டுப்பன்னி எல்லாம் இருக்குதுங்க."

"கரடி வராட்டிப் பரவாயில்ல. எனக்கு ஒரே ஒரு கண்டிசன்தான். ரெண்டு நாளும் என்னைய யாரும் தூக்கக் கூடாது. எங்க ஊட்டுக்காரம்மா குனியவே கூடாது. சாய்தளம், பாத்ரூம், வண்டி, மூணும் சரியா இருக்குதுங்களா?"

"எல்லாமே இருக்குதுங்க சார். நீங்க வாங்க, அப்பறம் சொல்லுவீங்க."

சொன்னேன். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கார் நான்தான் ஓட்டினேன், கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் போடுகிற கார். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மனைவி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். ஆனால் முப்பதாவது வளைவைத் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் அவளை அப்படிப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, மலையை நானே கட்டிக் கொடுத்த மாதிரி.

விடுதி, வாழவந்தி நாடு என்கிற மலைக்கிராமத்துப் பக்கம், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே இருந்தது. சாய்தளம் இருக்கத்தான் செய்தது. அதன் மேல் முழுக்க மிளகு காய்ந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு அம்மா, குச்சியால் கோழி விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலாளர் ஓடி வந்தார், முப்பது வயதுக்காரர், முகம் நிறையச் சிரிப்பு. "சிமெண்டு தரை இந்த வட்டாரத்துலயே இதுதானுங்க நல்ல தரை. யாரும் ஏறறதில்ல, சும்மாதான கெடக்குதுன்னு அக்காவைக் காயப்போடச் சொன்னேன்."

"இன்னும் ரெண்டு நாள் காயோணும்" என்றார் அந்த அம்மா, என்னிடம் அல்ல, கோழியிடம். பிறகு எழுந்து வந்து என் நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார். "ரெண்டு சக்கரத்துக்கு ரெண்டு கோடு போதுமில்ல சாமி?" விளக்குமாற்றால் மிளகுக்கு நடுவே கச்சிதமாக இரண்டு பாதை போட்டுக்கொடுத்தார். அவ்வளவு பெரிய வளாகத்தில் என் நாற்காலியை அளந்து பார்த்து வேலை செய்த ஒரே ஆள் அவர்தான்.

ஆனால் பாதை போட்ட பிறகுதான் சரிவு கண்ணில் பட்டது. தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது.

"இதுல எப்படிங்க நான் ஏறறது?"

"நல்லா ஏறுமுங்க. மேஸ்திரி கட்டி முடிச்சதுமே டெஸ்ட் பண்ணிட்டோம்."

"நாற்காலிய வெச்சா?"

"மோட்டார் சைக்கிள வெச்சுங்க. ரெண்டு பேரு உக்காந்து, முதல் கியர்லயே சும்மா சர்ருன்னு ஏறுச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து மேஸ்திரிகளுக்குச் சாய்தளம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: ராத்திரி வண்டியை வீட்டுக்குள் ஏற்றுவதற்கு வாசலில் போடுகிற செங்குத்துச் சரிவு. அதைத்தான் அளந்து, பளபளவென்று பூசி, மினுக்கிக் கொடுத்திருந்தார்கள். "எனக்குக் கியர் இல்லீங்களே" என்றேன். மேலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம். அங்கேயே காரைத் திருப்பியிருக்க வேண்டும்.

இரண்டு ஆட்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். தள்ளுவது தூக்குவதில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். அறை நன்றாக இருந்தது. ஜன்னலில் மலை. குளியலறைக்குள் வழவழப்பான ஸ்டீல் பிடிகூட வைத்திருந்தார்கள். அதை நான் தூரத்திலிருந்துதான் பார்த்தேன், ஏனென்றால் என் நாற்காலி கதவுக்குள் நுழையவில்லை. நாலு விரற்கடை அகலம் போதவில்லை. நேராக, சாய்வாக, பின்பக்கமாக என்று மூன்று தடவை முட்டிப் பார்த்தேன். சிறுநீருக்கு என்னிடம் பை உண்டு. மற்றதற்குக் கதவு வேண்டும்.

மேலாளரிடம் காட்டினேன். அவர் கதவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கடைசியாக என் மனைவியைப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"அதுக்குத்தான் அக்கா இருக்காங்கல்லங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நடக்க முடியாதவனுக்குப் பொறுமை அதிகம் என்று ஒரு நம்பிக்கை எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கு அது கால் இருந்தபோதே கிடையாது. "என்னங்க சொன்னீங்க ஃபோன்ல? முழுக்க முழுக்க வசதின்னு சொன்னீங்களே, அது இவளா? நீங்க விளம்பரத்துல போட்டது எம் பொண்டாட்டியவா?"

"கோவப்படாதீங்க சார். எல்லா எடத்துலயும் இப்படித்தானுங்க."

அவர் சொன்னது உண்மை என்பதால் கோபம் இன்னும் கூடியது. இந்த நாட்டில் சக்கர நாற்காலிக்கு இருக்கிற வசதி முழுவதும் சேலை கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறது. அம்மா, அக்கா, மனைவி, மகள். சிமெண்டு தேவையில்லை, கம்பி தேவையில்லை, அனுமதி வாங்க வேண்டியதில்லை. குனியச் சொன்னால் போதும்.

மனைவி என் தோளில் கை வைத்தாள். "ஏனுங்க, மொதல்ல காட்டுக்குப் போயிட்டு வந்தர்லாம். பாத்ரூமைப் பொறவு பாத்துக்கலாம்."

வெளியே ஜீப் நின்றது. அதன் தளம் என் நெஞ்சு உயரம். சாய்தளமும் இல்லை, பலகையும் இல்லை. பக்கத்தில் நாலு பேர் தோளில் துண்டோடு தயாராக நின்றார்கள். அவர்கள் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டியது.

"இதாங்க நம்ம சஃபாரி ஏற்பாடு" என்றார் மேலாளர்.

நாலு பேரும் அந்த ஊர் விவசாயிகள். குச்சிக்கிழங்குக் காட்டில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் எனக்குத் தைரியம் சொன்னார். "பயப்படாதீங்க. எங்களுக்கு இது பழக்கம். போன மழைக்கு, பிரசவ வலி வந்த புள்ளையத் தூளி கட்டி ரோட்டு வரைக்கும் தூக்கியாந்தோம். வழுக்கற பாறை, கொட்டற மழை. ஒரு குலுக்கல் இல்ல."

"அந்தப் புள்ள சஃபாரிக்காங்க வந்துச்சு?"

சிரித்துவிட்டார்கள். "இல்லீங்க, அந்தப் புள்ள ஊருக்கு ரோடு இல்ல."

அவர்கள் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்கள். பெருமைப்பட வேண்டிய காரியம்தான். ஆனால் அவர்கள் தோள் இருக்கிறவரைக்கும் அந்த ஊருக்கு ரோடு வராது.

"நான் என்ன மூட்டையா?" என்று மேலாளரைப் பார்த்துக் கத்தினேன். "நாலு பேரு தூக்கற நாளு எனக்கும் ஒண்ணு வரும். அதுக்கு நா முன்கூட்டியே புக் பண்ணிட்டு வரமாட்டேன்."

மூத்தவர் மெதுவாகச் சொன்னார்: "மூட்டைன்னா நா ஒருத்தனே முதுகுல போட்டுக்குவனுங்க. மூட்டைக்கு எதுக்கு நாலு பேரு?"

நான் வாயை மூடிய அந்த நேரத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட ஒருவர், என் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

"அதைப் புடிக்காதீங்க, கையோட வந்துரும்." என் மனைவி சொல்லி முடிப்பதற்குள் அவள் உடம்பு தானாகக் குனிந்துவிட்டது. சேலை இடுப்பில் செருகியாகிவிட்டது. ஒரு கை என் கக்கத்தில், ஒரு கை முழங்காலுக்குக் கீழே. "உடுங்க, நானே வெச்சர்றேன். ஒண்ணு..."

"குனியாத!"

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கோழிகள்கூட நின்றுவிட்டன. நாலு பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். அவள் நிமிர்ந்தாள். நிமிரும்போது ஒரு நொடி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அதை மறைக்கப் பார்த்தாள், நான் பார்த்துவிட்டேன்.

"கத்தாதீங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்குக் காட்டைப் பாக்கோணும். ரெண்டு வருசமாச்சு."

பெரிய சாகசக்காரன் நான். சண்டையில் ஜெயித்துவிட்டு, அவளை வாசலோடு திருப்பி அழைத்துப் போக இருந்தேன்.

மிளகுக்கார அம்மாதான் குச்சியைக் கீழே போட்டார். "எதுக்கு இத்தனை கூத்து? வாழத்தாரு ஏத்தற மேட்டுக்குத் தள்ளிட்டுப் போங்க. வண்டிய ஒட்டி நிறுத்தினா உருட்டி உட்டர்லாம். தாரை யாராச்சும் தூக்கியா போடறோம்?"

அந்த மேடு விடுதியிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். மலையில் சுமை ஏற்றுகிற வழி அது. ரோட்டோரத்து மண்மேட்டை வண்டியின் தளத்துக்குச் சமமாக வெட்டி வைத்திருப்பார்கள். வண்டியைப் பின்னுக்கு எடுத்து மேட்டோடு ஒட்ட வைத்து, பின்கதவை அதன் மேல் இறக்கினால், வாழைத்தாரோ பலாவோ குனியாமல் நிமிராமல் உள்ளே போய்விடும். லட்சம் லட்சமாகக் கொட்டிக் கட்டிய விடுதிக்காரருக்குத் தோன்றாதது, வாழைக்காய் விஷயத்தில் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

ஜீப்புக்கு அப்படி இறங்குகிற பின்கதவு இல்லை. வாழைத்தார் ஏற்றுகிற சரக்கு வண்டிக்காரர் வந்தார். நான் உருண்டு உள்ளே போனேன். யாரும் என்னைத் தொடவில்லை. அவர் என் சக்கரங்களைக் கயிற்றால் நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டி, முதுகைக் கேபினோடு சேர்த்து வைத்தார். "பிரேக்குப் போட்டா முன்னால போயிருவீங்க, அதான் இப்படி." மூட்டையா என்று கத்தியவன், அரை மணி நேரத்துக்குள் மூட்டை ஏறுகிற மேட்டில், மூட்டை கட்டுகிற கயிற்றில், வாழைப்பால் கறை படிந்த வண்டியில் உட்கார்ந்திருந்தேன். மூத்தவர் அதைக் கவனித்தார். மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டதோடு சரி. அவ்வளவு நாகரிகம் எனக்கு இருந்திருக்காது.

மனைவி காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து என் பக்கத்தில் வந்தாள். காட்டைப் பின்பக்கமாகப் பார்த்தேன். எல்லா மரங்களும் என்னைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன. கரடி இல்லை, கேளையாடு இல்லை. ஒரு கீரி ரோட்டைக் கடந்தது. நாலு குரங்குகள் எங்களைப் பார்த்தன. அவற்றுக்குச் சஃபாரி நன்றாக அமைந்தது.

வண்டி நின்ற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று பாறை விளிம்புக்குப் போனது. அங்கே மேடும் இல்லை, நான் இறங்க வழியும் இல்லை. மனைவி பாதையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"போயிட்டு வரட்டுங்களா?"

பதிமூன்று வருஷமாக அவள் இப்படி ஏதாவது கேட்டுவிட்டுத்தான் நகர்கிறாள். "எங்கிட்ட எதுக்குக் கேக்கற? போ."

அரை மணி நேரமாயிற்று. வண்டிக்காரர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு முதலில் பயம் வந்தது, பிறகு எரிச்சல், பிறகு பொறாமை. அவள் வந்தபோது சேலைக்கரையெல்லாம் செம்மண். முகம் சிவந்திருந்தது.

"கீழ ஊரெல்லாம் தெரியுதுங்க. நம்ம ஊடு எங்கன்னு தேடினேன், கண்டுபுடிக்க முடியல."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தாள். "நீங்க கூட இல்லாததும் நல்லாத்தான் இருந்துச்சு. கைய வீசிட்டு நடந்தேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

அதே மேட்டில் உருண்டு இறங்கி நாங்கள் விடுதிக்குத் திரும்பியதும், நாளைக்கு மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கதவைப் பார்ப்பதாக மேலாளர் சொன்னார். எனக்கு நாளைக்கு வேண்டாம், இன்றைக்கு வேண்டும் என்றேன். "அக்கா ஒரு தடவை மட்டும்..." என்று அவர் ஆரம்பித்தார். நான் மனைவியிடம் கார்ச் சாவியைக் கேட்டேன். நாலரை மணிக்கு எழுபது வளைவையும் கீழ்நோக்கி இறங்கினோம். வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். அச்சில் ஏறாத வார்த்தைகள். இரண்டு நாள் பயணம் ஒரு பகலோடு முடிந்தது. காடு முடிந்து அல்ல. ஒரு கதவில் நாலு விரற்கடை இல்லாததால்.

மூன்று வாரம் கழித்துப் புதிய விளம்பரம் வந்தது. அதில் நான் இருந்தேன். சரக்கு வண்டியில், கயிற்றுக் கட்டோடு, வாயைத் திறந்தபடி. சிரிக்கிற மாதிரி தெரிந்தது; நிஜத்தில் நான் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். உடனே ஃபோன் போட்டேன்.

"உங்களுக்கே சொல்லலாம்னு இருந்தனுங்க" என்றார் மேலாளர் சந்தோஷமாக. "உங்க படத்தைப் பாத்துத் திருச்சியில இருந்து ஒரு பொண்ணு புக் பண்ணியிருக்குதுங்க. அதுவும் வீல்சேருதான். அடுத்த வாரம் வருது."

"பாத்ரூம் கதவு?"

"மேஸ்திரி இன்னும் வரலீங்க. ஆனா கவலையில்ல, அந்தப் பொண்ணு கூட அவங்கம்மா வராங்க."

நான் மூச்சை இழுத்தேன். திட்டுவதற்கு வார்த்தையெல்லாம் வரிசையில் நின்றன. அதற்குள் அடுப்படியிலிருந்து வந்த மனைவி ஃபோனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"ஏனுங்க, அந்தம்மாவுக்கு என்ன வயசுன்னு கேட்டீங்களா?"

அவர் ஏதோ இழுக்க, அவளே தொடர்ந்தாள்.

"முதுகு எப்படி இருக்குதுன்னு கேட்டீங்களா? கேக்கலைங்களா. செரி, அவங்க நம்பரைக் குடுங்க, நா கேட்டுக்கறேன். இல்லீன்னா கதவை இடிங்க. நா தெனமும் பத்து மணிக்குக் கூப்புடுவேன்."

கூப்பிட்டாள். முதல் நாள் மேஸ்திரிக்குக் காய்ச்சல். இரண்டாம் நாள் சிமெண்டு வரவில்லை. மூன்றாம் நாள் மேலாளர் ஃபோனையே எடுக்கவில்லை. பதினோரு தடவை அடித்தாள். நாலாம் நாள் எடுத்ததும், "வேலை நடக்குதுங்கக்கா, சத்தம் கேளுங்க" என்றார். ஃபோனைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்தார் போல. உளி விழுவது என் நாற்காலி வரைக்கும் கேட்டது.

"செரிங்க, வெச்சர்றேன்" என்றார் அவர்.

"வெக்காதீங்க. கதவு முழுசா வெளிய வரட்டும், நா இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எண்ணெயில் கடுகு வெடித்தது. அதற்கு நடுவே உளிச்சத்தம் நிற்கிற போதெல்லாம், "ஏனுங்க, ஏன் நிறுத்திட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.